ரப்பர் ஸ்டோர் டயோராமா: கூரைத் தகரத்தில் துரு ஏன் பொய்யாகத் தெரிகிறது?

ஸ்டோர்லைன் (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். ஒன்றரை வருடமாக இந்தக் குழுவில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது உதவி வேண்டும்.

எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோரை 1/35 அளவில் சின்னக் காட்சி மாதிரியாக (டயோராமா) செய்துகொண்டிருக்கிறேன். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை, பால் உறைய வைக்கும் தொட்டிகள், ஷீட் அடிக்கும் கை மெஷின் இரண்டு, பின்னால் புகைக்கூடம், முன்னால் செம்மண் சடக்கு (சாலை). தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. ஸ்டோர் இருந்த இடத்தில் சிமெந்துத் தளம் மட்டும் மிச்சம், அதையும் புல் மூடிவிட்டது. என்னிடம் இருப்பவை மூன்று பழைய படங்களும் அம்மாவின் ஞாபகமும்தான். அம்மா அந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் பால் வெட்டினார்.

சுவரும் தூணும் ஓரளவு வந்துவிட்டன. கூரையில்தான் மாட்டிக்கொண்டேன். சமையல் அலுமினியத் தாளை நெளி அட்டை மேல் வைத்து அழுத்தித் தகரம் செய்தேன். பிரைமர் அடித்து, மேலே தமியா பெயின்டில் எக்ஸ்எஃப்-64 ரெட் பிரவுன் முழுக்க அடித்தேன். காய்ந்ததும் ஆரஞ்சு, காவி பிக்மென்ட் பொடிகளைத் தடவினேன். ஓரங்களில் கறுப்பு வாஷ் (தண்ணீராகக் கரைத்த வண்ணம்). படங்களில் பார்ப்பதுபோலத்தான் செய்தேன்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்குப்பா, ஆனா இது நம்ம ஸ்டோர் இல்லையே" என்றார். எது சரியில்லை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. துரு இருக்கிறது, ஆனால் சாக்லேட் ஊற்றிய மாதிரி இருக்கிறது. படங்களை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?

லாரிப்பட்டறை (கூலிம்)

படங்கள் பார்த்தேன் தம்பி. தொட்டியின் சிமெந்துப் பூச்சு அருமை. கூரை ஒரே நிறமாக இருப்பதுதான் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். முதலில் ஒன்று சொல்லுங்கள்: இது எந்தக் காலத்து ஸ்டோர்? வேலை நடந்துகொண்டிருந்த காலமா, மூடிக் கிடந்த காலமா? இரண்டுக்கும் துரு வேறு.

ஸ்டோர்லைன்

வேலை நடந்த காலம் அண்ணே. 1978 வாக்கில். அம்மா கல்யாணமாகி வந்த புதிது.

ஃபிட்டர்_மாமா (கோல கங்சார்)

தம்பி, நான் பொம்மை செய்கிறவன் இல்லை. பேரன் இந்தக் குழுவில் இருக்கிறான், அவன் காட்டித்தான் உங்கள் படங்களைப் பார்த்தேன். ஆனால் 31 வருடம் ரப்பர் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவன். அந்த மாதிரிக் கூரைமேல் ஏறி ஆணி அடித்த கைகள் இவை. தகரம் எப்படிக் கெடும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கூரைத் தகரம் வெறும் இரும்பு இல்லை. இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. புதிதாக வரும்போது பளபளவென்று, பூப்பூவாக மின்னும். சில மாதத்திலேயே அந்த மினுமினுப்பு போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். அந்தச் சாம்பல் நிறம்தான் தகரத்தின் ஆயுளில் பாதிக்கும் மேல். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிற சாதி. தகரத்தில் ஒரு கீறல் விழுந்தால் உடனே சிவப்புத் துரு வராது, சுற்றியிருக்கும் துத்தநாகம் முதலில் அரிக்கப்பட்டு அந்த இடத்தைப் பாதுகாக்கும். அதனால் நல்ல தகரத்தின் நட்டநடுவில் கீறல் கீறலாகத் துரு வைத்தால் அது பொய். பெயின்ட் அடித்த இரும்பு வேறு. அதில் பெயின்ட் உரிந்த இடத்திலேயே துரு கிளம்பி, பெயின்டுக்கு அடியிலும் ஊர்ந்துபோய் அதைத் தூக்கிவிடும். உங்கள் படத்தில் தோம்புக்கும் (இரும்புப் பீப்பாய்) கூரைக்கும் ஒரே மாதிரித் துரு போட்டிருக்கிறீர்கள். அங்கேதான் முதல் தவறு.

அப்படியானால் கூரையில் துரு எங்கே தொடங்கும்? தண்ணீர் தங்குகிற இடத்தில். மேல் தகரமும் கீழ்த் தகரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் இருக்கிறதே, அந்த இடுக்கில் மழைத் தண்ணீர் ஏறி உட்கார்ந்துகொள்ளும், வெயில் அடித்தாலும் சீக்கிரம் காயாது. அங்கே முதலில். அடுத்து, வெட்டிய ஓரம். அடுத்து, ஆணி. அப்புறம் மரத்தடி. எங்கள் ஃபாக்டரிக் கூரைமேல் ஒரு ஜம்பு மரம் சாய்ந்திருந்தது. இலை விழுந்து மட்கிக் கிடக்கும் இடத்தில் மட்டும் தகரம் ஐந்தாறு வருடத்தில் ஓட்டையாகிவிடும். பத்தடி தள்ளி அதே வயசுத் தகரம் சாம்பல் நிறத்தில் நன்றாக இருக்கும்.

ஆணி பற்றி ஒன்று. உங்கள் படத்தில் ஆணியைப் பள்ளத்தில் அடித்திருக்கிறீர்கள். பள்ளத்தில் அடித்தால் மழை வீட்டுக்குள் ஒழுகும். ஆணி எப்போதும் மேட்டில்தான், கீழே சட்டம் ஓடுகிற வரிசையில்தான். அதனால் துருக்கறையும் மேட்டிலிருந்து பக்கவாட்டில் சரிந்து பள்ளத்துக்கு இறங்கி, அப்புறம் பள்ளத்தோடு கீழே ஓடும். நேர் கோடாக மேட்டின் மேலேயே ஓடாது.

கடைசியாக, முக்கியமானது. எந்தத் தோட்டத்திலும் கூரை ஒரே நாளில் போட்டதாக இருக்காது. காற்றில் பறந்த தகரத்துக்குப் பதில் புதுசு, ஒழுகின இடத்துக்கு லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) கழற்றிய பழசு, அவசரத்துக்கு ஒரு துண்டு. பக்கத்துப் பக்கத்துத் தகரம் பத்து வருட வித்தியாசத்தில் இருக்கும். உங்கள் அம்மா நம்ம ஸ்டோர் இல்லை என்று சொன்னது இதனால்தான் இருக்கும் என்று படுகிறது. அவர் பார்த்த கூரை ஒட்டுப்போட்ட கூரை.

ஸ்டோர்லைன்

ஐயா, இந்த ஒரு பதிலுக்காகவே எழுதியது வீண் போகவில்லை. ஆணி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கே கூரையைக் கழற்றுகிறேன்.

சரி, இதை வண்ணத்தில் எப்படிக் கொண்டுவருவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ_ஏர்பிரஷ்

ஹேர்ஸ்பிரே முறையைப் பாருங்கள். அடியில் துரு, மேலே தகரத்தின் சாம்பல், நடுவில் ஹேர்ஸ்பிரே.

முதலில் துரு அடுக்கு. எக்ஸ்எஃப்-10 பிரவுனோடு கொஞ்சம் கறுப்பு கலந்து முழுக்க. அது காய்வதற்குள்ளேயே திட்டுத் திட்டாக எக்ஸ்எஃப்-9 ஹல் ரெட், எக்ஸ்எஃப்-64. கடைசியில் மிகக் கொஞ்சமாக, அங்கங்கே, மஞ்சள் கலந்த ஆரஞ்சு. பழைய துரு கருத்துப்போயிருக்கும், புதுத் துருதான் பிரகாசமான ஆரஞ்சு. அதனால் ஆரஞ்சு குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நாள் காயவிட்டு, லாக்கர் வார்னிஷ் ஒரு கை. இதை விட்டுவிட்டால் அப்புறம் தேய்க்கும்போது துருவும் சேர்ந்து வந்துவிடும்.

பிறகு மலிவான ஹேர்ஸ்பிரே, ஒரு முழம் தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய பூச்சு. பதினைந்து நிமிடம் காயட்டும். மேலே எக்ஸ்எஃப்-16 ஃப்ளாட் அலுமினியத்தோடு வெள்ளையும் துளி கறுப்பும் கலந்து சாம்பலாக்கி மெல்லியதாக அடியுங்கள். தண்ணீரிலோ எக்ஸ்-20ஏ தின்னரிலோதான் கரைக்க வேண்டும். லாக்கர் தின்னர் போட்டால் வண்ணம் கடித்துப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் உரிக்க வராது. தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், அரை மணிக்குள், தூரிகையைத் தண்ணீரில் நனைத்து ஓரம், இடுக்கு, ஆணி சுற்றி மெதுவாகத் தேய்த்தால் மேல் வண்ணம் உரிந்து அடித்துரு தெரியும்.

மீட்டர்_பாதை (தைப்பிங்)

ஈப்போ நண்பர் சொன்ன முறை நல்ல முறை, நானும் ரயில் பெட்டிகளுக்கு அதைத்தான் செய்கிறேன். ஆனால் கூரைத் தகரத்துக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம். ஃபிட்டர் ஐயா சொன்னதை மறுபடி படியுங்கள். துத்தநாகம் பெயின்ட் மாதிரிச் செதில் செதிலாக உரிவதில்லை. மெலிந்து மெலிந்து கரைகிறது. முதலில் சாம்பலுக்கு நடுவே பழுப்புப் புள்ளிகள், புள்ளிகள் பெருகித் திட்டு, திட்டு சேர்ந்து முழுத் துரு. ஓரம் கூர்மையாக இருக்காது, கலங்கியிருக்கும். ஹேர்ஸ்பிரேயில் உரித்தால் ஓரம் கூர்மையாக நிற்கும், பெயின்ட் உரிந்த கதவு மாதிரி.

கூரைக்கு நான் செய்வது தலைகீழ். முதலில் முழுத் தகரமும் சாம்பல். அதன்மேல் எண்ணெய் வண்ணம், பர்ன்ட் சியன்னாவும் ரா அம்பரும். ட்யூபிலிருந்து பிதுக்கி ஒரு அட்டைத் துண்டில் அரை மணி வைத்தால் அதிக எண்ணெயை அட்டை குடித்துவிடும், காய்ந்த பிறகு மினுங்காது. தேய்ந்துபோன தூரிகை நுனியால் இடுக்கிலும் ஓரத்திலும் குத்திக் குத்திப் புள்ளி வையுங்கள். அப்புறம் வேறொரு தூரிகையை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்து, துணியில் துடைத்து, கிட்டத்தட்ட காய்ந்த நிலையில், மழை ஓடும் திசையில் மட்டும் இழுங்கள். இழுத்ததே தெரியாத அளவுக்கு இழுத்தால் போதும்.

இன்னொன்று. உங்கள் நெளிவின் அளவைப் பார்த்தீர்களா? படத்தில் அளவுகோல் வைத்திருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தேன். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் 4 மில்லிமீட்டர். 35-ஆல் பெருக்கினால் 140 மில்லிமீட்டர். நம் ஊர் நெளி தகரத்துக்கு அந்த இடைவெளி 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். 1/35-இல் 2.2-க்குக் கிட்ட வர வேண்டும். உங்கள் கூரை இரண்டு மடங்கு பெரிய நெளிவு. எவ்வளவு நல்ல துரு போட்டாலும் கண் ஏதோ தப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஸ்டோர்லைன்

அது பிஸ்கட் டப்பாவுக்குள் வந்த நெளி அட்டை. அளந்து பார்க்கவில்லை. 2.2-க்கு என்ன வைத்து அழுத்துவது?

மீட்டர்_பாதை

பல்குச்சி. உருண்டையானது, தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர் இருக்கும், அளந்து வாங்குங்கள். இரண்டு முனையிலும் உள்ள கூர்மையான பகுதியை வெட்டிவிட்டு, கண்ணாடித் துண்டின் மேல் நெருக்கி நெருக்கி ஒட்டுங்கள். அதன் மேல் தாளை வைத்து, இன்னொரு குச்சியால் பள்ளம் பள்ளமாக நீவுங்கள். ஆறடித் தகரம் இந்த அளவில் 52 மில்லிமீட்டர், குச்சியின் நீளம் ஏறக்குறைய அதற்குப் போதும். சமையல் தாள் மிக மெல்லிசு, கை பட்டாலே நசுங்கும். கேக் வைக்கும் அலுமினியத் தட்டை வெட்டிச் செய்யுங்கள். தகரத்தைத் தனித்தனியாகச் செய்து, தனித்தனியாக வண்ணம் அடித்து, கடைசியில் கூரையில் அடுக்குங்கள். ஐயா சொன்ன பத்து வருட வித்தியாசம் அப்போதுதான் வரும்.

ஈப்போ_ஏர்பிரஷ்

மீட்டர்_பாதை சொல்வது சரி. உரியும் ஓரம் கூர்மையாக நிற்பதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் ஹேர்ஸ்பிரேயைத் தோம்புக்கும் கதவுக்கும் லாரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கூரைக்கு எண்ணெய் வண்ணம். இரண்டையும் ஒவ்வொரு துண்டில் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

நிஜத்துரு (தெலுக் இந்தான்)

இத்தனை வண்ணம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. துருவுக்கு நிகர் துருதான். நான் கடையில் பிக்மென்ட் வாங்கியே பல வருடமாகிறது.

பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிப் பஞ்சை (சோப்பு கலக்காதது) பாத்திர சோப்பில் கழுவினால் அதிலுள்ள எண்ணெய் போய்விடும். கண்ணாடிப் போத்தலில் போட்டு வினிகரை ஊற்றி ஒரு நாள். மூடியை இறுக்கக் கூடாது, வாயு கிளம்பும், போத்தல் வெடிக்கும். அது ஹைட்ரஜன், அடுப்புப் பக்கம் வைக்கவே கூடாது. மறுநாள் பஞ்சை வெளியே எடுத்து ஒரு பிளாஸ்டிக் தட்டில் பரப்பி, அவ்வப்போது தண்ணீர் தெளித்து வெளியே விட்டால், நம் ஊர் ஈரத்துக்கு சில நாளிலேயே உதிர்ந்து பொடியாகிவிடும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, காயவைத்து, அரைத்து, பழைய காலுறையில் சலியுங்கள். அரைக்கும்போது முகக்கவசம் போட வேண்டும். ஒரே போத்தலில் மஞ்சள், ஆரஞ்சு, கரும்பழுப்பு மூன்றும் கிடைக்கும்.

ஃபிட்டர்_மாமா

சோடாவில் கழுவுவதை விட்டுவிடாதீர்கள். ஆசிட் மிச்சமிருந்தால் கீழே இருக்கும் எதையும் தின்னும். எங்கள் ஃபாக்டரியில் பால் உறைய ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவோம். அந்தத் தொட்டி ஓரத்தில் இருந்த இரும்புக் கைப்பிடி, கதவுக் கீல், எல்லாம் மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் போய்விடும். அதற்காகத்தான் தொட்டிக்குள் செருகும் தடுப்புப் பலகைகளை அலுமினியத்தில் வைத்திருந்தார்கள். தம்பி, உங்கள் ஸ்டோரில் அதிகத் துரு வைக்க வேண்டிய இடம் கூரை இல்லை, தொட்டி ஓரம்.

மீட்டர்_பாதை

நிஜத்துரு சொன்னது பொடியாகத் தூவுவதற்கு நல்லது. ஆனால் நிஜத் துரு என்பதாலேயே அது 1/35-இல் நிஜமாகத் தெரிந்துவிடாது. நன்றாகச் சலிக்காத பொடியில் ஒரு துகள் அரை மில்லிமீட்டர் இருந்தாலும், இந்த அளவில் அது கோலிக்குண்டு அளவுக் கட்டி. நிறமும் அப்படித்தான். சின்னப் பொருளில் நிஜ நிறத்தை அப்படியே வைத்தால் கருத்துத் தெரியும். கொஞ்சம் வெளுக்க வேண்டும். நான் 1/87-இல் ரயில் செய்கிறேன், அங்கே இன்னும் அதிகமாக வெளுக்கிறேன். பெரிய பொருளைத் தூரத்திலிருந்து பார்ப்பதும் சின்னப் பொருளைக் கிட்டத்தில் பார்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டுமானால் வேறு வழியில்லை.

நிஜத்துரு

சலிப்பதைப் பற்றி ஒத்துக்கொள்கிறேன். இரண்டு மடிப்புக் காலுறையில் சலித்தால் மாவு மாதிரி வரும். நிறத்தை வெளுப்பதற்கு நான் காய்ந்த செம்மண் தூசியைக் கொஞ்சம் கலக்கிறேன். தோட்டத்துச் செம்மண்ணிலும் இருப்பது இரும்பு ஆக்சைடுதானே, அதனால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.

விடிகாலை_வெட்டு (சுங்கை சிப்புட்)

நானும் சுங்கை சிப்புட்தான் தம்பி, ஆனால் வேறு தோட்டம். பன்னிரண்டு வயதில் பள்ளி விடுமுறையில் அம்மாவோடு நிரைக்கு (ரப்பர் மர வரிசை) போய் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) துடைத்திருக்கிறேன். இப்போது சின்னச் சின்ன வீடுகள் செய்கிறேன், 1/12 அளவில்.

துரு எங்கே வரும் என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே வராது என்பதை நான் சொல்கிறேன். உங்கள் படத்தில் மரத்தில் கட்டியிருக்கும் மங்குக்கும் துரு தடவியிருக்கிறீர்கள். எங்கள் மங்கு மண்ணில் சுட்டு மெருகு பூசியது, பிற்பாடு பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது. பால் கறை காய்ந்து விளிம்பில் கறுப்பாகப் படிந்திருக்கும், அவ்வளவுதான். அலுமினிய வாளியும் அப்படித்தான், நசுங்கி வெளுத்திருக்கும், சிவக்காது.

துருப்பிடிப்பது மங்கைத் தாங்கும் கம்பியும், பால் இறங்குவதற்கு மரத்தில் அடிக்கும் சின்னத் தகர மூக்கும். அந்த மூக்குக்குக் கீழே பட்டையில், விரலால் தேய்த்த மாதிரி ஒரு கருஞ்சிவப்புக் கறை இருக்கும். வெட்டுப்பட்டை வருடா வருடம் இறங்க இறங்க மூக்கையும் பிடுங்கிக் கீழே அடிப்போம், பழைய ஓட்டையும் பழைய கறையும் மேலே அப்படியே நிற்கும். ஒரு மரத்தில் மூன்று நான்கு கறை, ஒன்றுக்குக் கீழ் ஒன்று, மேலே போகப் போக வெளுத்து. விடியாத இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 1/35-இல் அது ஒரு மயிரிழைக் கோடுதான் இருக்கும், ஆனால் வையுங்கள். உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

இன்னொன்று, சுவர். ஸ்டோர் கூரைக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. மழை கூரையிலிருந்து நேரே தரையில் விழுந்து செம்மண்ணைத் தெறிக்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சிவப்புக் கறை. கீழே அடர்த்தி, மேலே போகப் போகப் புள்ளி. உங்கள் அளவில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. பழைய பல் துலக்கும் தூரிகையில் செம்மண் கரைசலை எடுத்து விரலால் சுண்டினால் அப்படியே வரும். சுண்டும்போது கூரையை மூடிக்கொள்ளுங்கள்.

ஸ்டோர்லைன்

அக்கா, தகர மூக்கைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். உடனே எழுந்துபோய் அலமாரிக்குப் பின்னால் இருந்த ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே உளி ஒன்று, இரண்டு தகர மூக்கு. எனக்கே தெரியாது இவை வீட்டில் இருப்பது. ஒரு மூக்கு முழுத் துரு, இன்னொன்றில் மடித்த இடத்திலும் அடிபட்ட முனையிலும் மட்டும் துரு, நடுவெல்லாம் சாம்பல். ஃபிட்டர் ஐயா சொன்னது அப்படியே இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இப்போது வண்ணம் கலக்கிறேன்.

லாரிப்பட்டறை

அருமை. இப்போது நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1978-இல் வேலை நடக்கிற ஸ்டோர் என்றால் மெஷின் உருளைகளில் துரு வைக்காதீர்கள். தினமும் ஷீட் ஓடுகிற உருளை தேய்ந்து மின்னும். பல்சக்கரத்தில் கிரீஸ், கிரீஸில் தூசி ஒட்டிக் கறுப்பு. எண்ணெய் இருக்கும் இடத்தில் துருவுக்கு வேலை இல்லை. துரு வருவது மெஷினின் காலில், தண்ணீர் எப்போதும் ஓடும் தரையைத் தொடும் இடத்தில்.

கைவிடப்பட்ட இரும்பை யாராவது பார்க்க வேண்டுமென்றால் அது வேறு பாடம். பத்து காஜா ஊர்ப் பக்கம் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஈயக் கப்பலை (ஈயம் தோண்டிய மிதக்கும் இயந்திரம்) போய்ப் பாருங்கள். 1938-இல் கட்டியது, 4,500 டன், 1982-இல் வேலையை நிறுத்தியது. இப்போது பழுதுபார்த்துச் சுற்றுலா இடமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது கனமான இரும்புக்கும் மெல்லிய தகடுக்கும் உள்ள வித்தியாசம். தடித்த இரும்பு அடுக்கடுக்காகத் துருப்பிடித்து உப்பும், மெல்லிய தகடு ஓட்டை விழும். நம் ஆட்கள் பலரும் இரண்டுக்கும் ஓட்டை போட்டுவிடுகிறார்கள்.

ஸ்டோர்லைன்

ஓட்டை பற்றியே கேட்க நினைத்தேன். புகைக்கூடத்துக்கு ஓட்டைத் தகரம் ஒன்று வேண்டும். கத்தியால் வெட்டினால் ஓரம் சுத்தமாக இருக்கிறது.

நிஜத்துரு

எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் பலகை அரிக்க விற்கும் ஃபெரிக் குளோரைடு இருக்கிறது. அலுமினியத் தகட்டை அதில் நனைத்தால் ஓரம் தின்றுபோய் இலை அரித்த மாதிரி வரும். ஆனால் கவனம். அலுமினியத்தோடு சேரும்போது கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், புகை வரும். வீட்டுக்குள் வேண்டாம். கையுறை, கண்ணாடி, நிறையத் தண்ணீர் கலந்த கரைசல், ஒரு சமயத்தில் ஒரு சின்னத் துண்டு. சிறு பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் இதைத் தொடவே வேண்டாம், கத்தி நுனியால் பின்பக்கத்திலிருந்து சுரண்டிச் சுரண்டி மெலியவைத்துக் கிழியுங்கள். அதுவும் நன்றாகவே வரும்.

ஃபிட்டர்_மாமா

புகைக்கூடத்துக் கூரை தனி. உள்ளே விறகுப் புகை இரவும் பகலும். மேலே புகை வெளியேறும் இடத்தைச் சுற்றித் தார் படிந்து கறுப்பாக இருக்கும். அந்தத் தார் கொஞ்சம் காப்பாற்றவும் செய்யும். அதனால் கறுப்புக்குப் பக்கத்தில் துரு குறைவு, கீழ் ஓரத்தில் துரு அதிகம்.

ஸ்டோர்லைன்

ஒரு விபத்து. நேற்றுச் சாயங்காலம் ஏழு தகரத்துக்கு மேட் வார்னிஷ் அடித்தேன். காய்ந்ததும் எல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டன. மூன்று வார வேலை. என்ன செய்வது?

ஈப்போ_ஏர்பிரஷ்

பதறாதீர்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம். நேற்றுச் சாயங்காலம் இங்கேயும் மழை. வார்னிஷில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளுப்பு அதுதான். காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு, ஒரு துண்டில் மட்டும் ரிடார்டர் (காய்வதைத் தாமதமாக்கும் திரவம்) கலந்த அதே வகைத் தின்னரை மிக மெல்லியதாக ஏர்பிரஷ்ஷில் காட்டுங்கள். வார்னிஷ் மறுபடி இளகும்போது ஈரம் வெளியேறித் தெளியும். அந்தத் துண்டு சரியானால் மற்றதையும் செய்யுங்கள்.

இனிமேல் மழை நாளில் வார்னிஷ் வேண்டாம். கம்ப்ரசரில் தண்ணீர் பிடிக்கும் குடுவை இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு அதற்குள்தான் காயவைக்கிறேன். டயோராமாவுக்கு நிஜ மண் போடுவதாக இருந்தால் அதையும் முதலில் அடுப்பில் வறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பூஞ்சை வரும்.

ஸ்டோர்லைன்

ஆறு தகரம் தெளிந்துவிட்டது. ஒன்றில் கொஞ்சம் வெளுப்பு நிற்கிறது. அதைப் பார்த்தால் புதுத் தகரத்தில் வெள்ளைப் பொடி பூத்த மாதிரியே இருப்பதால் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஃபிட்டர்_மாமா

அது உண்மையிலேயே நடப்பதுதான். புதுத் தகரத்தைக் கட்டாக மழையில் வைத்துவிட்டால் இடையில் ஈரம் மாட்டி வெள்ளையாகப் பூக்கும். வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோர்லைன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கூரை முடிந்தது. மொத்தம் 46 தகரம், பல்குச்சி அச்சில். பதினெட்டு சாம்பல், இருபதில் இடுக்கிலும் ஆணியிலும் மட்டும் துரு, ஐந்து முழுத் துரு, மூன்று ஓட்டை. எண்ணெய் வண்ணம் காய ஐந்து நாள் ஆனது. ஆணிகள் மேட்டில். தோம்புக்கு மட்டும் ஹேர்ஸ்பிரே, சிவப்புப் பெயின்ட் உரிந்து அடியில் துரு. சுவரில் செம்மண் தெறிப்பு. முன்னால் நிற்கும் ஒற்றைப் பால்மரத்தில் நான்கு கறை, ஒன்றுக்குக் கீழ் ஒன்று.

அம்மாவைக் கூப்பிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் மரத்தைப் பார்த்தார், கறையை எண்ணினார். அப்புறம் கூரை. ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு விரலை நீட்டி, "தராசு மேல இருந்த தகரம் புதுசுப்பா. நான் வந்த வருசத்துக்கு முந்தின வருசம் புயல்ல பறந்துபோச்சுன்னு சொல்வாங்க. மழைக்கு அங்கதான் ஒதுங்கி நிப்போம், அது மட்டும் ஒழுகாது" என்றார்.

எந்தப் படத்திலும் அது இல்லை. தராசுக்கு மேல் நான் வைத்திருப்பது முழுத் துரு. இரண்டு தகரத்தைக் கழற்றி மாற்றப் போகிறேன். ஐயா, ஒரு வருடம், ஒன்றரை வருடமான தகரம் எந்த நிறத்தில் இருக்கும்?

ஃபிட்டர்_மாமா

மினுக்கம் போயிருக்கும், ஆனால் பூப்பூவாக இருந்தது கிட்டத்தில் பார்த்தால் இன்னும் லேசாகத் தெரியும். வெளிர்ச் சாம்பல். துரு எங்கும் வேண்டாம், ஆணித் தலையில்கூட வேண்டாம். ஆனால் மேல் வரிசைப் பழைய தகரத்திலிருந்து வழிந்த துருத்தண்ணீர் புதுத் தகரத்தின் பள்ளங்களில் மெல்லிய காவிக் கோடாக ஓடியிருக்கும். இரண்டு பள்ளத்துக்கு ஒன்று போதும். அம்மா ஒதுங்கி நின்ற பக்கம் எதுவென்று கேட்டு, தூணில் தோள் உயரத்தில் சுண்ணாம்பைக் கொஞ்சம் அழுக்காக்கிவிடுங்கள்.